மாமா கேட்ட புட்டு

புட்டுக்கு மாவு வறுப்பது பிடித்த வேலை என்று யாராவது சொன்னால், அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வறுப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். காலை நாலே முக்காலுக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வருவதற்குள் ஒரு சட்டி அரிசி மாவை வறுத்து இறக்கட்டும், அதையே பத்து நாள் விடாமல் செய்யட்டும், அப்புறம் பேசட்டும். தீயைக் கூட்டினால் கருகும். குறைத்தால் விடிந்துவிடும். கை கொஞ்சம் நின்றால் அடிபிடிக்கும். நான் அந்தப் பத்து நாளும் அடுப்படியில் நின்றபடியே தூங்கினேன், கை மட்டும் தன்பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் என் மாமனாருக்காக. பெயர் பூலோகம், வயது எழுபத்து நாலு. இந்த சீத்தா கேம்ப்பில் பாதிச் சுவர்கள் அவர் கையால் எழுந்தவை, அப்படிப்பட்ட கொத்தனார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. இங்கே எல்லாரும் லக்வா என்று சொல்கிற பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "சவம்." எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் எரிச்சல் வந்தால் சொல்வது. மாத்திரை கொடுத்தால் சவம், போர்த்திவிட்டால் சவம், பெற்ற மகனைப் பார்த்தாலும் சவம். அத்தனை சொல்லும் போய் இது மட்டும் தங்கியிருக்கிறதே என்று என் புருஷன் சுடலைக்கண்ணன் மூக்கைச் சிந்தினார். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. நன்றாக இருந்த காலத்திலும் மாமா அதிகமாகச் சொன்னது அதைத்தான்.

பேச்சு வராவிட்டால் போகிறது, சாப்பாடு இறங்க வேண்டுமே. கஞ்சியை டம்ளரில் கொடுத்தால் இடது கையால் வாங்கிப் பாதி குடிப்பார். பால் குடிப்பார். தட்டில் எதையாவது வைத்தால் தொட மாட்டார். இடது கையால் சாப்பிடுவதாவது, அது அவருக்குச் செத்துப் போவதற்குச் சமம். ஸ்பூனை வைத்தேன், வீசி எறிந்தார். அது சட்டி அடுக்கில் போய் விழுந்து வீடே அதிர்ந்தது.

ஊட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் வழி இல்லாமல் செய்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண், வந்தனா என்று பெயர், நல்ல பெண்தான், வீட்டுக்கு அனுப்பும்போது என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "கிலானா மத், ஆன்ட்டி. குத் கானே தோ." ஊட்டாதே, அவரே சாப்பிடட்டும். ஊட்டிப் பழக்கினால் இடது கை பழகாது, அப்புறம் காலம் பூராவும் ஊட்ட வேண்டியதுதான். நான் யார் என்ன விதி சொன்னாலும் அப்படியே பிடித்துக்கொள்கிறவள். மான்குர்த் தையல் கார்கானாவில் ஸ்கூல் சட்டைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், பட்டன் கால் அங்குலம் தள்ளியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். அதனால் தட்டை அவர் முன்னால் வைப்பேன், ஸ்பூனை இடது கைப் பக்கம் வைப்பேன், என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன தடவை டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விழுங்குவதில் கோளாறு எதுவும் இல்லையாம், தொண்டை நன்றாக இருக்கிறதாம், அவராகத்தான் சாப்பிடவில்லையாம். இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியது என்றார். அந்தக் குழாயை நான் பார்த்திருக்கிறேன். மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குப் போட்டிருந்தார்கள். பிடுங்கிப் போட்டுவிடுவார் என்று அவருடைய நல்ல கையைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். மாமாவுக்கு இருப்பதே ஒரு கை. அதையும் கட்டிவிட்டால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த இரண்டு வாரத்தில் முதல் புதன்கிழமை காலையில்தான் அது நடந்தது. தட்டில் இரண்டு இட்லி வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் இட்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது.

"புட்டு," என்றார்.

நான் கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன மாமா? என்ன சொன்னிய?"

"புட்டு."

என் புருஷன் அணுசக்தி நகர் ஆட்களை ஏற்றுகிற ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் போனால் ஒன்பதரைக்குத்தான் வருவார், மறுபடி சாயங்காலம் ஒரு நடை. அன்றைக்கு வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார்.

"ஏட்டி மாலதி, நெசமாவா? அப்பா வாயத் தொறந்து கேட்டாவளா?"

"ரெண்டு தடவ கேட்டாவ."

"அப்ப அவிச்சுக் குடுத்துருவோம். சாமி கண்ணத் தொறந்துட்டுல்லா." அவர் சொன்ன அந்த 'அவிச்சுக் குடுத்துருவோம்' என்பதில் அவிக்கப் போகிறவள் யார் என்பதை நான் உடனே கவனித்தேன். ஆனால் எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

அப்படி ஆரம்பித்தது. மறுநாள் கடையில் பாக்கெட் மாவு வாங்கி வந்து அவித்தேன். தேங்காய்ப்பூ ஒரு கை, மாவு ஒரு கை என்று குழலில் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே ஆவி வந்ததும் குச்சியால் தள்ளித் தட்டில் வைத்து, நெஞ்சை அடைக்கக் கூடாது என்று வாழைப்பழத்தைப் பிசைந்து பாலும் ஊற்றி, பக்கத்தில் ஸ்பூனை வைத்தேன். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சவம்," என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

தாராவியில் இருக்கும் என் மதினிக்கு, அதாவது என் புருஷனுடைய அக்கா ஆறுமுகத்தாய்க்கு, போன் போட்டேன்.

"பாக்கெட் மாவுலயா அவிச்ச? அத எவன் திம்பான்? அப்பாவுக்குத் தெரியாதாட்டி? பச்சரிசிய ஊறவச்சு, நெழல்ல உணத்தி, சக்கியில குடுத்து மோட்டாவா அரைச்சு வாங்கு. வாசம் வார வரைக்கும் வறுக்கணும், கேட்டியா. தேங்காயும் பிரிட்ஜ்ல வச்சதப் போட்டுறாத."

"நீங்க ஒரு நாள் வந்து அவிச்சுக் குடுங்களேன் மதினி. ஒங்க கைன்னா சாப்பிடுவாவளோ என்னவோ."

"எனக்கு முட்டு வலி மட்டும் இல்லன்னா இந்நேரம் அங்கன நிப்பேன்," என்றாள் மதினி. அவளுக்கு அந்த முட்டு வலி ஆறு வருஷமாக இருக்கிறது, கல்யாண வீடுகளுக்குப் போகும்போது மட்டும் விட்டுவிடும்.

சரி என்று அரிசியை ஊறப்போட்டேன். கார்கானாவிலிருந்து எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து, துணி விரித்து உணத்தி, பைசான் நடத்துகிற சக்கியில், அதாவது மாவு மில்லில், கொண்டுபோய்க் கொடுத்து, கொரகொரப்பாக வேண்டும் என்பதற்கு 'மோட்டா, மோட்டா' என்று மூன்று தடவை சொல்லி, ரவைக்குக் கொஞ்சம் நைசாக அரைத்து வாங்கினேன். வறுத்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுத் தெளித்துப் பிசறினேன். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். பதம் எனக்குத் தப்பவே இல்லை. மாமா சவம் என்றார்.

மூன்றாம் நாள் சீனி போட்டேன், நாலாம் நாள் கருப்பட்டி. குழல் பிடிக்கவில்லையோ என்று ஒரு நாள் ஈரத் துணியில் கட்டி இட்லிப் பானையில் வைத்தேன். சிவப்பரிசியில் ஒரு நாள், நெய் ஊற்றி ஒரு நாள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் ஒரு யோசனை சொல்வார்கள், ஒவ்வொரு யோசனைக்கும் நான் அரை மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும். மாமா தள்ளிவிட்ட புட்டை நானும் என் புருஷனும் தின்றோம். டிபன் டப்பாவில் கார்கானாவுக்கும் புட்டுதான். கூட வேலை செய்கிறவர்கள் என் டப்பா மூடியைத் திறக்கும் முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ஒரு நாள் பாக்கெட்டே இல்லாத சட்டைகள் ஒரு கட்டு என் கையைத் தாண்டிப் போய்விட்டது. பதினாறு வருஷத்தில் நடக்காதது.

இவ்வளவுக்கும் மாமா கேட்பதை நிறுத்தவில்லை. தட்டைக் கொண்டுபோனாலே "புட்டு" என்பார். புட்டைத்தானே வைத்திருக்கிறேன் என்று காட்டினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "சவம்" என்பார். எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி, மூளையில் அடிபட்டால் அப்படித்தான், சொன்னதையே சொல்வார்கள், அர்த்தம் எல்லாம் தேடாதே என்றாள். நானும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கு வந்திருந்தேன். ஆனால் டாக்டர் கொடுத்த தவணை முடிகிற திங்கள்கிழமை வந்துகொண்டிருந்தது. குழாய்க்கு முன்னால் நான் ஒழுங்காக முயற்சி செய்யவில்லை என்று நாளைக்கு யாரும், முக்கியமாக முட்டு வலிக்காரி, சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு உடம்பு அடித்துப் போட்டது மாதிரி வலித்தது. சக்கிக்கு என் புருஷனை அனுப்பினேன். "மோட்டான்னு சொல்லுங்க, மறந்துராதீங்க," என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் அப்பாவுக்காச்சே, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, பைசானிடம் போய் "அச்சா பீஸ்னா" என்று சொல்லியிருக்கிறார். நன்றாக அரை என்றால் சக்கிக்காரனுக்கு ஒரே அர்த்தம்தான், இந்த ஊர் பாக்ரி ரொட்டிக்கு அரைப்பது மாதிரி நைசாக அரைப்பது. பைசான் மனசு வைத்து அரைத்துக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் திறந்து விரலை விட்டபோது மாவு பவுடர் மாதிரி ஒட்டியது. விடியவில்லை, வேறு மாவும் இல்லை. வறுத்துப் பார்த்தேன், புகைந்தது. தண்ணீர் தெளித்தேன், கட்டி கட்டியாகப் பிடித்தது. உதிர்த்துக் குழலில் அடைத்தேன், கீழே கொதிக்கிற தண்ணீர் மேலே ஆவியாக வரவே இல்லை. குச்சியால் குத்தித் தள்ளினால் வெள்ளையாக ஒரு கட்டை வந்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் என் புருஷன் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எந்திரிச்சுப் பாருங்க. சுவத்துக்குப் பூசலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்து கட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சட்டையை மாட்டினார். "மாட்டுங்காவுல கடை இருக்கு. மோட்டா மாவு கெடைக்கும். ட்ரெயின்ல போய்ட்டு ஓடி வந்துருதேன்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இனிமேல் யார் போனால் என்ன, வந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

பிரிட்ஜில் முந்தாநாள் தோசை மாவு இருந்தது. இரண்டு தோசை ஊற்றி, தட்டில் போட்டு, ஸ்பூனையும் வைத்து மாமா கட்டிலுக்குக் கொண்டுபோனேன். தோசைக்கு எதற்கு ஸ்பூன் என்று கூடத் தோன்றவில்லை, கை பழகிவிட்டது.

மாமா தோசையைப் பார்த்தார்.

"புட்டு," என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. மாமனார் முன்னால் இருபத்து மூன்று வருஷத்தில் குரலை உயர்த்தாதவள் கத்தினேன்.

"இல்ல மாமா. புட்டு இல்ல. பத்து நாளா அவிச்சேன், சவம்னு தள்ளிவிட்டிய. பத்து நாளா நா ஒழுங்காத் தூங்கல. ஒங்களுக்கு என்னதான் வேணும்? நாளைக்கு மூக்குல கொழாயச் சொருகுவாவ, கையக் கட்டிப் போடுவாவ. போடட்டும். என்னால முடியல மாமா. எனக்கு ஒடம்பு முடியல."

அவர் கண்ணை மூடவில்லை, சவம் என்றும் சொல்லவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டில் ஓரத்தில் அந்தத் தட்டு. முந்தின நாள் ராத்திரி நானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் சாப்பிடாவிட்டால் போங்கள் என்று தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தோசையில் ஒரு துண்டு புட்டு வாயில் போட்டேன். இன்னொரு துண்டு.

"புட்டு."

இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. தோசையைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

நான் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தேன். தோசையைப் புட்டு வாயில் போட்டுக்கொள்கிறோம். இட்லியைப் புட்டுச் சட்னியில் தொட்டுக்கொள்கிறோம். பிட்டு என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்கள் வாயில் அது புட்டுதான். பிள்ளைக்கு ஊட்டும்போது 'புட்டுப் புட்டுக் குடு' என்று சொல்கிறோமே, அந்தப் புட்டு. அன்றைக்குப் புதன்கிழமை அவர் முன்னால் இருந்தது இட்லி. வலது கை விழுந்தவருக்குப் புட்டுத் தின்ன வராத இட்லி. மருமகளிடம் 'ஊட்டு' என்று கேட்க அந்த மனுஷனுக்கு வாய் வராது, வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். தொண்டை நரம்பு புடைக்க அவர் தேடிப் பிடித்துச் சொன்ன ஒரே சொல் அதுதான். நாங்கள் அதைக் கொண்டுபோய்க் குழலில் அடைத்து ஆவியில் வைத்துவிட்டோம்.

"புட்டுத் தரணுமா மாமா?"

"ம்," என்றார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கியது.

துண்டைச் சின்னதாக்கி, சட்னியில் தொட்டு, அவர் வாய்க்குள் வைத்தேன். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார். சுவர் எழுப்பும்போது கூட வேலை செய்கிறவன் செங்கல் எடுத்துத் தரப் பிந்தினால் கையை நீட்டியபடி நிற்பாரே, அந்த அவசரம் அவர் வாயில் இருந்தது. இரண்டு தோசையும் தீர்ந்தது. எழுந்து போய் இன்னொன்று ஊற்றிக்கொண்டு வந்தேன். அதிலும் பாதி போயிற்று.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், முதலில் வந்தது வெட்கம். ஊட்டாதே என்று வந்தனா சொன்னாள், உண்மைதான். ஆனால் அவள் சொன்ன அந்தச் சொல் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று எனக்குத்தானே தெரியும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்று மாவு வறுக்க என்னால் முடிந்தது. கோணிப்போன அந்த வாய்க்குப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. எச்சில் வழியும், வாடை வரும், அவர் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் நான் அத்தனை விதமாகப் புட்டு அவித்தேன்.

வாயைத் துடைத்துவிட்டேன். மாமா அப்படியே தூங்கிவிட்டார். நான் பாத்திரம் கழுவக்கூட எழுந்திருக்காமல் சுவரில் சாய்ந்து கிடந்தேன்.

பதினொன்றரை மணிக்கு என் புருஷன் வியர்க்க விறுவிறுக்க வந்தார். பை நிறைய மாவு, இரண்டு தேங்காய் வேறு.

"கெடச்சிட்டு. ரவ மாதிரி இருக்கு, நீயே பாரு. இப்ப அவிச்சிருவமா?"

"ஒங்கப்பா புட்டு கேக்கல," என்றேன்.

"பின்ன?"

சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொல்லி, விரலால் பிய்த்துக் காட்டினேன். பையை அப்படியே தரையில் வைத்தார். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ட்ராம்பே ரோட்டில் பஸ் ஓட்டுகிற ஆள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"மத்தியானம் நாந்தானே வீட்ல இருந்தேன். டம்ளரக் குடுத்துட்டுப் படுத்துக்கிட்டேனே. எங்கிட்டயும் ஒரு தடவ சொன்னாவ ஏட்டி, நா மாலதி நாளைக்கு அவிச்சுத் தருவான்னு சொல்லிட்டேன்."

அவரைத் தேற்ற எனக்குத் தெம்பு இல்லை. சோறு வடித்து, பருப்பு கடைந்து, இரண்டையும் தட்டில் போட்டுக் குழையப் பிசைந்து அவர் கையில் கொடுத்தேன். நாளைக்கு டாக்டர் கேட்டால் வாயால் சாப்பிடுகிறார் என்று சொல்லலாம். வந்தனா கேட்டால் திட்டு வாங்கிக்கொள்ளலாம், இடது கை மெதுவாகப் பழகட்டும்.

"கையக் கழுவிட்டு வாங்க. மத்தியானத்துக்கு நீங்க," என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "நானா? அப்பாவுக்கா?" என்றார். ஐம்பது வயதிலும் அப்பா முன்னால் கால் நீட்டி உட்காராதவர். "எனக்கு வராது மாலதி. கை நடுங்கும். நீயே..."

"நடுங்குனா நடுங்கட்டும். ஒங்கப்பா."

திரையை இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் பாயை விரித்துப் படுத்தேன். பகல் வெளிச்சத்தில் நான் படுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. மாமா விழித்துக்கொண்டது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. தட்டு எங்கேயோ இடித்தது. இவர் தொண்டையைக் கனைத்தார், "அப்பா," என்றார், அப்புறம் பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைகிற சத்தம் மட்டும் வந்தது.

"புட்டு," என்றார் மாமா.

"மாலதி," என்று மெல்லக் கூப்பிட்டார் இவர். "ஏட்டி மாலதி."

நான் எழுந்திருக்கவில்லை.